மேல் தளத்தில் முதல் இருக்கை

ஜூன் விடுமுறைக்கு முந்தைய நாள் எங்கள் ஆங்கில ஆசிரியை மேடம் ஜைனப் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். மேலே 'சம்மர் ரீடிங்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. குளிர்காலம் உள்ள ஏதோ ஒரு நாட்டுப் பள்ளியின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்திருக்க வேண்டும். இங்கே வருஷம் முழுக்க வெயில்தானே, அப்படியென்றால் வருஷம் முழுக்கவா படிக்க வேண்டும் என்று அஃப்னா கேட்டாள். நல்ல யோசனை, அப்படியே செய்யலாம் என்றார் மேடம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் என் தோழியை யாரும் மிஞ்ச முடியாது.

மூன்று நாவல்கள் படிக்க வேண்டும். பிறகு ஆங்கிலத்தில் ஒரு கதை எழுத வேண்டும். கதைக்கு இரண்டு நிபந்தனைகள். மாதிரிக் கட்டுரைப் புத்தகங்களிலிருந்து ஒரு வாக்கியமும் வரக்கூடாது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பக்கூடாது, இதயம் மத்தளம் கொட்டக்கூடாது, கடைசியில் எல்லாம் கனவாகிப் போகவும் கூடாது. எனக்குக் கோபம் வந்தது. தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்பிலிருந்து அப்படி நாற்பது வாக்கியங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். உயர்நிலைப்பள்ளி மூன்றாம் வகுப்புவரை என்னைக் கரை சேர்த்தவை அவைதான். இரண்டாவது நிபந்தனை, விடுமுறையில் நம் கண்ணால் பார்த்த ஏதோ ஒன்று கதையில் இருக்க வேண்டும்.

படிப்பதற்கு முதலில் இடம் வேண்டுமே. பிடோக்கில் எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. பத்தாவது மாடியில் புதிதாக வந்தவர்கள் வீட்டை உடைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டு மின்தூக்கியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள், ஆனால் துளைக்கும் இயந்திரத்துக்கு மரியாதை தெரியாது. நூலகத்துக்குப் போனால் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு தண்ணீர் புட்டி உட்கார்ந்து யாருக்காகவோ இடம் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா தீவின் மறுமுனையில், மார்சிலிங்கில் ஒரு பாலர் பள்ளியில் வேலை பார்ப்பதால் விடியுமுன்பே கிளம்பிவிடுவார்.

அப்பாதான் வழி சொன்னார். அவர் பேருந்து ஓட்டுகிறார். இங்கே ஓட்டுநரை பஸ் கேப்டன் என்று சொல்வார்கள். அப்பாவுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும். பத்து வருஷம் லாரி ஓட்டியவர், கேப்டன் ஆன நாளிலிருந்து தன் சட்டைக்கு வேறு யாரையும் இஸ்திரி போட விடுவதில்லை. உன்னிடம் மாணவர் பாஸ் இருக்கிறதே, என் மாடி பஸ்ஸில் மேல் தளத்தில் உட்கார்ந்து படி, ஏசி உண்டு என்றார். அவரும் ஒரு நிபந்தனை வைத்தார். பஸ் கிளம்பிவிட்டால் அவர் கேப்டன், நான் பயணி. பேச்சு கிடையாது.

அப்படித்தான் என் ஜூன் மாதம் தொடங்கியது. பாஸ் அட்டையை இயந்திரத்தில் தட்டி ஏறுவேன். எல்லாருக்கும் தலையசைப்பதுபோல் எனக்கும் அசைப்பார். படியேறி முதல் வரிசையில் இடப்பக்க ஜன்னலோரம் உட்காருவேன். முன்னால் முழுக்கக் கண்ணாடி. தலைக்கு மேலே கூரையில் கறுப்புக் குமிழ் போல ஒரு கேமரா. திருடர்களுக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து அதை மறந்துவிட்டேன்.

பிடோக்கிலிருந்து காத்தோங், கேலாங் வழியாக லிட்டில் இந்தியா, பிறகு அதே வழியில் திரும்புவது. பஸ் நகரத் தொடங்கிய பத்து நிமிஷத்தில் எனக்குப் பாதித் தூக்கம் வந்துவிடும். ஆனால் படிப்பது நிற்காது. எங்கே நாவல் முடிகிறது, எங்கே தெரு தொடங்குகிறது என்று தெரியாத ஒரு நிலை அது. புத்தகத்தில் பனி பெய்யும், வெளியே மழை பெய்யும். இரண்டும் ஒரே கண்ணாடியில் வழிந்து இறங்கும். சிராங்கூன் ரோட்டில் பழைய கடைவீடுகளின் மாடி ஜன்னல்கள் என் கண் மட்டத்துக்கு வரும். ஒரு ஜன்னலில் யாரோ தலை துவட்டிக்கொண்டிருப்பார். ஒன்றில் பூனை. அவர்களும் நாவலில் வருகிறவர்கள் என்றே எனக்குத் தோன்றும். கீழே மல்லிகையும் மசாலாவும் கலந்து மணக்கும் என்று தெரியும், மேலே குளிரும் நிசப்தமும்தான். அந்தக் குளிரில் ஜாக்கெட்டுக்குள் சுருண்டுகொண்டு நான் இருந்ததைப்போல் அதற்கு முன் எங்கேயும் சந்தோஷமாக இருந்ததில்லை.

இரண்டாவது நாவல் ஏரிக்கரையில் வாழும் ஒரு படகோட்டியையும் அவர் மகளையும் பற்றியது. முப்பது வருஷமாக ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோய் விடுகிறவர் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கத் தொடங்குகிறார். முதலில் துடுப்பை வைத்த இடம், பிறகு படகுத்துறை. ஒரு காலை மகளைப் பார்த்து, 'எந்தக் கரைக்குப் போகணும் பாப்பா?' என்று வெளியாளிடம் கேட்பதுபோல் கேட்கிறார். அந்தப் பக்கத்தில் நான் உடைந்துவிட்டேன். ஜாக்கெட் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். பின்னால் இருந்த இரண்டு பேர் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நிமிர்ந்தபோது வெளியே வேறு ஊர். காத்தோங்கில் வலப்பக்கம் திரும்ப வேண்டிய பஸ் நேராகப் போய்க்கொண்டிருந்தது. இருபுறமும் பெரிய மரங்கள் மேலே கைகோத்து நின்றன. பச்சை வெளிச்சத்தில் பெரிய பங்களாக்கள் மெதுவாக மிதந்து போயின. ஒரு கிளையின் நுனி என் கண்ணாடியைத் தடவிவிட்டுச் சென்றது. இன்னும் நாவலுக்குள்தான் இருக்கிறேன் என்று ஒரு நிமிஷம் நம்பினேன். அப்புறம் கீழே யாரோ மணியை விடாமல் அழுத்தினார்கள்.

பஸ் ஓரமாக நின்றது. அப்பா கட்டுப்பாட்டு அறையோடு பேசியதும், பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டதும் படிக்கட்டு வழியே கேட்டது. பிறகு சுற்றிக்கொண்டு பழைய வழிக்கு வந்தார். இரண்டு வருஷமாகத் தினமும் ஓட்டும் வழி அது. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று பெருமையடித்தவர் அவர்.

அன்று மாலை அதைப்பற்றிக் கேட்டதற்கு, தப்பு அவருடையதுதான் என்று மட்டும் சொன்னார். பிறகு சம்பந்தமே இல்லாமல், பள்ளியில் எனக்கு ஏதாவது பிரச்சினையா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்து, ஒன்றுமில்லை என்றேன். நாளையிலிருந்து நூலகத்துக்கே போய்ப் படி என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அப்பா மறக்கத் தொடங்கிவிட்டார். அதை நான் பார்க்கக்கூடாது என்று என்னைத் துரத்துகிறார்.

அதன்பிறகு ஜூன் மாதம் கெட்டுப்போனது. நான் மூன்றாவது நாவலைத் தொடவில்லை, அப்பாவைத்தான் படித்தேன். கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினார். என்னை அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மின்தூக்கியில் பத்தாம் எண்ணை அழுத்தினார். எல்லாவற்றையும் வாசிப்புக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் தேதி போட்டு எழுதினேன். ஐம்பத்தொரு வயதில் மறதி வருமா என்று கைபேசியில் தேடி, படித்த பிறகு தூங்க முடியாமல் கிடந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் டாக்டர், டாக்டர் சொன்னால் அப்பா பஸ் ஓட்ட முடியாது. அந்தச் சட்டை இல்லாத அப்பாவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சொல்லாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது.

சொல்ல முடியாததைக் கதையாக எழுதினேன். கேப்டன் தனா ஒரு மத்தியானம் வழியை மறந்துவிடுகிறார். பயணிகள் கோபப்படுவதில்லை. ஒவ்வொருவராக முன்னால் வந்து தங்கள் வீட்டுக்கு வழி சொல்கிறார்கள், அவர் ஒவ்வொருவரையும் வாசலிலேயே இறக்கிவிடுகிறார். மேலே ஒரு பெண் மட்டும் மிச்சம் இருக்கிறாள். கடைசியில் அவள் இறங்கி வந்து பக்கத்தில் நிற்கிறாள். கேப்டன் மரியாதையாக, 'நீ எங்கே இறங்கணும்?' என்று கேட்கிறார். அவருக்கு வழி நினைவுக்கு வரும்வரை தான் இறங்கப்போவதில்லை என்கிறாள் அவள். அப்பாவின் பெயர் தனசேகரன். பெயரை மாற்றியாவது தொலைத்திருக்கலாம், எழுதும்போது வேறு பெயர் வரவில்லை.

பள்ளி திறந்ததும் மேடம் ஜைனப் ஆறு கதைகளைத் தேர்ந்தெடுத்தார். என்னுடையதும் ஒன்று. சனிக்கிழமை காலை பள்ளி நூலகத்தில் நாங்களே வாசிக்க வேண்டும், பெற்றோரும் வரலாம் என்று அறிவிப்பு நேராக அப்பாவின் கைபேசிக்கே போய்விட்டது. அவர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். அம்மாவுக்குத்தான் அன்று வேலை.

நான் ஒரு திருட்டுத் திட்டம் போட்டேன். மாதிரிக் கட்டுரையிலிருந்து ஒரு தீ விபத்துக் கதை மனப்பாடமாக இருந்தது. அதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம், திட்டு வாங்கினால் வாங்கிக்கொள்ளலாம்.

அப்பா சுவரோரம் சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. என்னைப் படம் பிடிக்கக் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். நான் தொடங்கினேன். 'நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது' என்பது முதல் வரி. மேடமின் புருவம் ஏறியது, அஃப்னா வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவது வாக்கியத்தில் நிறுத்திவிட்டேன். அப்பா மறந்துகொண்டிருக்கிறார் என்றால் அது அவருக்கும் தெரியும். யாரிடமும் சொல்லாமல் ஒற்றை ஆளாக அதைச் சுமந்துகொண்டு தினமும் வண்டி ஓட்டுகிறார். எனக்குத் தெரியும் என்றாவது அவருக்குத் தெரியட்டும். அந்த எண்ணம் வந்த பிறகு பொய்க் கதையைத் தொடர முடியவில்லை. மடித்து வைத்திருந்த தாளை எடுத்தேன்.

பாதியில் அப்பாவின் கைபேசி கீழே இறங்கியது. கடைசி வரியை அவரைப் பார்த்தே சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள், அவர் தட்டவில்லை.

லிட்டில் இந்தியாவில் தோசை வாங்கித் தருவதாக முன்பே சொல்லியிருந்தார். பள்ளிக்கு வெளியே, காத்தோங்கில் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். அங்கேதான் பேசினார்.

"அன்னிக்கு நான் ரோட்ட மறக்கல, இனியா."

"பின்ன?"

"எனக்கு முன்னால ஒரு சின்ன ஸ்கிரீன் இருக்கு. மேல யாராச்சும் நிக்கறாங்களா, இறங்கறாங்களான்னு பாக்கறதுக்கு. நீ வந்ததுலேருந்து முதல் சீட்டுல உன் மூஞ்சிதான் தெரியும். சிரிப்ப. வாய்க்குள்ளயே படிப்ப. அன்னிக்குப் பாத்தா அப்படி அழற. என்னமோ ஏதோன்னு பதறிட்டேன். வண்டிய விட்டுட்டு மேல வந்து கேக்க முடியுமா? திரும்ப ரோட்டப் பாக்கறப்ப திருப்பம் போயிடுச்சு."

கவனக்குறைவு என்றுதான் அறிக்கையில் எழுதிக் கொடுத்தாராம். பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றா எழுத முடியும்? நான் மேலே இருந்தால் பார்க்காமல் இருக்க மாட்டார், கீழே அத்தனை பேர் அவரை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள், அதனால்தான் என்னை நூலகத்துக்கு அனுப்பினாராம். அதை என்னிடம் சொன்னால் தப்பு என்னால்தான் என்று நினைத்துக்கொள்வேன் என்பதால் சொல்லவில்லையாம்.

ஒரு மாதப் பயமும் மொத்தமாகக் கோபமாக மாறியது. நிறுத்தத்தில் ஆட்கள் இருப்பதையும் மறந்து அவர் கையில் இரண்டு அடி போட்டேன். தலையில் கண்ணாடி, அம்மா பெயர், பத்தாவது மாடி எல்லாவற்றையும் அழுதுகொண்டே அடுக்கினேன்.

"அது வயசு லா," என்றார் அப்பா.

பஸ் வந்தது. அவர் ஓட்டும் அதே தடம், ஓட்டியது வேறொருவர். அப்பா மேலே ஏறினார். இரண்டு வருஷத்தில் இந்த வழியில் மேல் தளத்தில் உட்கார்ந்ததே இல்லையாம். முதல் வரிசையில் உட்கார்ந்து, முன்னால் விரிந்த தெருவையே கொஞ்ச நேரம் வாயைத் திறந்து பார்த்தார். பஸ் சரியான இடத்தில் வலப்பக்கம் திரும்பியது. பிறகு, நான் அப்படி அழுவதற்கு அந்தப் புத்தகத்தில் என்னதான் இருந்தது என்று கேட்டார்.

சொன்னேன். ஏரியை, படகை, துடுப்பை, எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். ஜன்னலில் கடைகளும் மரங்களும் ஏரித் தண்ணீரைப் போல நகர்ந்தன. 'எந்தக் கரைக்குப் போகணும் பாப்பா' என்ற இடம் வந்தபோது அப்பா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கன்னம் முழுக்க நனைந்திருந்தது.

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். சட்டென்று அவர் கூரையை நிமிர்ந்து பார்த்து, கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு முகத்தைத் துடைத்தார்.

"நீயும் துடைச்சுக்க. கீழ ஓட்டறவர் நம்மளப் பாத்துட்டு வழிய விட்டுடப் போறாரு."

கீழே ஓட்டியவர் வழியை விடவில்லை. லிட்டில் இந்தியா நிறுத்தத்தில் சரியாக நிறுத்தி, ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அங்கே இறங்க வேண்டிய நான்தான், அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.