இரண்டு தலைகள் மாறிய சனிக்கிழமை

கேட்டர்மோல் வீட்டுக் கல்யாணம் என்னால்தான் நின்றுபோகப் பார்த்தது.

லண்டனில், ஆற்றுக்குத் தென்கரையில், ஆம்ப்ரோஸ் டல்லியின் தொப்பிக் கடையில் எனக்கு அப்போது ஒன்பது வருட வேலை. உயரமான பட்டுத் தொப்பிகள் மட்டும்தான் செய்வோம். அரக்குப் பூசி விறைப்பாக்கிய துணியைக் கட்டையில் சுற்றி உருவம் எடுப்பதும், அதன்மேல் கறுப்புப் பட்டுத் துணியைத் தையல் தெரியாமல் இழுத்து மினுமினுவென்று இஸ்திரி போடுவதும் டல்லியின் பாடு. உள்ளே தோல் பட்டையும் வெள்ளைப் பட்டும் வைத்துத் தைப்பது, சொந்தக்காரர் பெயரின் முதலெழுத்துகளை அதில் பொன்னூலால் போடுவது என் பாடு. "டார்கஸ் போட்ட தையல் பிரியாது, தொப்பியே போனாலும் தையல் மிஞ்சும்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார். என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

தொப்பி பொருந்துவதற்கு அளவு மட்டும் போதாது. ஒரே அளவில் ஒரு தலை முட்டை மாதிரி நீண்டிருக்கும், இன்னொன்று முட்டைக்கோஸ் மாதிரி உருண்டிருக்கும். அதைப் பிடிக்க எங்களிடம் ஒரு கருவி இருந்தது. இரும்புக் கிரீடம் போலத் தலையில் வைத்து மூடியை அமுக்கினால், தலையின் வடிவம் சின்னதாக ஓர் அட்டையில் ஊசித் துளைகளாக விழும். அந்த அட்டையை வைத்துத்தான் டல்லி தொப்பியைச் சூடு காட்டி வளைப்பார். அட்டையில் பெயர் எழுதுவது நான்.

மர வியாபாரி ஜொசையா கேட்டர்மோல், தன் மகள் ஆக்னஸைக் கட்டிக்கொள்ளப் போகும் எட்வின் லஷரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்கு இரண்டு பேருக்கும் புதுத் தொப்பி. இருவருக்கும் ஒரே அளவு. கருவியைத் தலையில் வைத்ததும் எட்வின் விறைப்பாக உட்கார்ந்து, "இப்ப நான் ராஜாவா? யாருக்காவது தண்டனை குடுக்கலாமா?" என்றான். கேட்டர்மோலே வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு அட்டையிலும் பெயர் எழுதினேன்.

தொப்பிகள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியில் போயின. சனிக்கிழமை காலை அட்டைகளை அடுக்க இழுப்பறையைத் திறந்தேன். கேட்டர்மோல் பழைய வாடிக்கை. அவருடைய முந்தைய அட்டை உள்ளே இருந்தது. இடது காதுக்கு மேலே ஒரு பள்ளம். சின்ன வயதில் குதிரை உதைத்ததாம். அதே பள்ளம் புது அட்டையிலும் இருந்தது. ஆனால் அதில் என் கையெழுத்தில் 'எட்வின் லஷர்' என்று இருந்தது.

டல்லியிடம் இரண்டு அட்டைகளையும் நீட்டினேன்.

"கல்யாணம் எத்தனை மணிக்கு?" என்றார்.

"பதினோரு மணிக்கு முதலாளி. கேம்பர்வெல் தேவாலயத்துல."

கடிகாரம் பத்தைத் தாண்டியிருந்தது. "என் தொப்பி ஒருத்தன் தலையைக் கடிச்சதுன்னு இதுவரைக்கும் பேர் இல்ல. மேல்கோட்ட எடு, கிளம்பு!"

குதிரை டிராமில் அவர் என்னைத் திட்டவில்லை. குதிரைகளைத்தான் திட்டினார்.

நாங்கள் போனபோது தேவாலயப் படிக்கட்டில் சத்தம் காதைப் பிளந்தது. மாமனாரும் மாப்பிள்ளையும் எதிரெதிரே நின்றார்கள். இருவர் தலையிலும் எங்கள் தொப்பி பளபளத்தது. இருவர் நெற்றியிலும் சிவப்புக் கோடு. எட்வினின் அத்தை முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டதுதான் சண்டைக்குக் காரணம்.

"அந்த இடம் என் கூட்டாளிக்குன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?" என்று கேட்டர்மோல் கத்தினார்.

"வயசானவங்கள எழுப்பி விடச் சொல்றீங்களா? மரத்தோடயே பழகி நீங்களும் கட்டையாயிட்டீங்க!"

"கட்டையா? என்னையா சொன்ன? இந்தக் கட்டையோட பொண்ணு உனக்குக் கிடையாது, போ!"

வண்டியிலிருந்து இறங்கிய ஆக்னஸ் கையில் பூச்செண்டோடு அப்படியே நின்றாள். பாதிரியார் கதவோரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

நான் போய் நடுவில் நின்றேன். "ஐயா, தப்பு என்னோடது. உங்க ரெண்டு பேர் தலையையும் மாத்தி எழுதிட்டேன். அவர் தலைக்கு வளைச்சது உங்ககிட்ட இருக்கு, உங்களுது அவர்கிட்ட இருக்கு."

"யாரும்மா நீ? இது என்ன உளறல்?" என்றார் கேட்டர்மோல்.

டல்லி குள்ளம். பேச்சு வளர்க்காமல் இரண்டு படி மேலே ஏறினார். இரண்டு கையையும் நீட்டி இரண்டு தொப்பியையும் ஒரே நேரத்தில் கழற்றினார். யாரும் தடுப்பதற்குள் மாற்றி வைத்துவிட்டார்.

கேட்டர்மோல் வாய் திறந்தபடியே இருந்தது. வசவு மட்டும் வெளியே வரவில்லை. கண்ணை மெதுவாக மூடி, "அப்பாடா" என்றார். எட்வினின் தோள்கள் இரண்டும் கீழே இறங்கின.

"காலையிலிருந்து மண்டைக்குள்ள சம்மட்டி அடிக்கிற மாதிரி இருந்துச்சு" என்று சிரித்தார் கேட்டர்மோல். "எல்லாம் தொப்பி பண்ண வேலை! வாங்க, உள்ள போகலாம்."

"இருங்கப்பா" என்றாள் ஆக்னஸ். எட்வினைப் பார்த்தாள். "'கட்டை'ங்கிற வார்த்தையையும் தொப்பிதான் சொல்லுச்சா?"

எட்வின் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லோரும் சிரித்துவிட்டு உள்ளே போயிருப்பார்கள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"இல்ல. தலைவலிதான் தொப்பியோடது. வார்த்தை என்னோடது" என்றான். கேட்டர்மோல் பக்கம் திரும்பி, "மாமா, மன்னிச்சிடுங்க" என்றான்.

"அப்பா, நீங்க?"

கேட்டர்மோல் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தார். வானத்தைப் பார்த்தார். "அத்தை முன்னாடியே உக்காரட்டும். அவங்களுக்குக் காது வேற மந்தமாம்."

ஆக்னஸ் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். போகிறபோது என் பக்கம் குனிந்து, "நீங்க ரெண்டு பேரும் இருந்து பாத்துட்டுப் போகணும்" என்றாள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். டல்லி சடங்கைப் பார்க்கவில்லை. ஆண்கள் மடியில் வைத்திருந்த தொப்பிகளைப் பார்த்து, "அது பூனை நக்கின மாதிரி இருக்கு... அதோ அது, மழையில நனைஞ்சத அடுப்புல காயவெச்சிருக்கான்" என்று என் காதைத் தின்றுகொண்டிருந்தார்.

திரும்பும்போது டிராம் மாடியில் உட்கார்ந்தோம். கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

"முதலாளி, திங்கக்கிழமை நான் வரணுமா?"

"ஏன், எங்கயாவது போறியா?"

"இல்ல, இன்னிக்கு..."

"நீ வாயத் திறந்தப்ப கடை போச்சுன்னு நினைச்சேன்" என்றார். "நானா இருந்தா அவங்க தலை மேலதான் பழியப் போட்டிருப்பேன். ராத்திரி வீங்கிடுச்சுன்னு."

சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். இறங்கும் இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே எழுந்தார். "வா, விலாங்கு மீன் அடைச்சுச் சுட்ட 'பை' ரொட்டி சாப்பிடலாம். குதிரையத் திட்டியே எனக்குப் பசி எடுத்துடுச்சு."