காது கிழிந்த பூனை

கத்தரிக்கோல் எழுதிய புதுப் புத்தகத்தைக் கடையில் நின்றபடியே புரட்டினேன். அடுத்தவர் உழைப்பை வெட்டி ஒட்டியே பெரிய எழுத்தாளர் ஆனவர் என்பதால், பழைய கொலை வழக்குகளை எழுதும் எங்கள் கூட்டம் அவருக்கு வைத்த பெயர் அது. நாலு வருடம் நாயாய் அலைந்து நான் தோண்டிய வழக்கு அதில் இருந்தது.

எழுபது வருடத்துக்கு முன் ஒரு மர வியாபாரியை அவர் கிடங்கிலேயே வெட்டிக் கொன்றார்கள். காவலாளியைத் தூக்கில் போட்டார்கள். கொன்றது காவலாளி இல்லை, வியாபாரியின் கூட்டாளி என்று கண்டுபிடித்தவள் நான். கத்தரிக்கோல் என் தகவலையெல்லாம் சுருட்டிக்கொண்டு, கூட்டாளியை மட்டும் கழற்றிவிட்டு, பழியை மறுபடியும் காவலாளி தலையிலேயே கட்டியிருந்தார்.

காவலாளியின் பேரன் லாரி ஓட்டுகிறார். 'கொலைகாரன் பேரன்' என்று கேட்டுக் கேட்டே பள்ளிக்கூடத்தை விட்டவர். "எங்க தாத்தா செய்யலன்னு ஒரு புக்குல வந்தா போதுங்க, வேற ஒண்ணும் வேணாம்" என்று என்னிடம் கேட்டிருந்தார். அந்த மனுஷர் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

அவருக்கு இதை யார் கொடுத்திருப்பார்கள்? அதைக் கண்டுபிடிக்க என்னிடம் ஒரு வழி உண்டு. என் கைப்பிரதியை அச்சுக்கு முன் மூன்று பேர் படிப்பார்கள். ஒவ்வொருவர் பிரதியிலும் ஒரு சின்னப் பொய்யைச் செருகிவைப்பேன், அச்சுக்குப் போகும்போது எடுத்துவிடுவேன். இந்தத் தடவை வக்கீல் பிரதியில் கிடங்குக்குள் ஒரு கிளி. பதிப்பாளர் பிரதியில் நொண்டி நாய். மூன்றாவதில் காது கிழிந்த பூனை. நாயாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே பக்கங்களைத் தள்ளினேன், பதிப்பாளர் மேல் எனக்கு ஏற்கெனவே கடுப்பு. பிணத்துக்குப் பக்கத்தில் பூனை உட்கார்ந்திருந்தது, கிழிந்த காதோடு.

மூன்றாவது பிரதி அக்காவுடையது.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். பள்ளிக்கூடத்து ஆசிரியை. என் முதல் புத்தகத்திலிருந்து சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து என் பிழைகளைத் திருத்துகிறவள். வேலியே பயிரை மேயும் என்று ஊரார் சொல்லும்போதெல்லாம் அது அடுத்த வீட்டு வேலி என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் போனபோது சமையலறை மேஜையில் அத்தானின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். சட்டைகளின் மேலேயே புத்தகத்தைப் போட்டேன்.

"நீயாக்கா குடுத்த?"

இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பித் தொலைத்திருப்பேன்.

"ஆமா. எப்படித் தெரிஞ்சுது?"

பூனையைச் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது.

"எனக்குமா பொறி வச்ச?"

"வச்சதாலதானே மாட்டின! எதுக்குக்கா செஞ்ச?"

எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அந்தக் கூட்டாளி யாரு தெரியுமா? உங்க அத்தானோட தாத்தா. ஊரையும் பேரையும் மாத்திக்கிட்டு இங்க வந்துட்டாராம். மாமியார் சாகறதுக்கு முன்னாடி எங்கிட்ட மட்டும் சொன்னாங்க. நீ கடைசியில போட்டிருக்கியே ஒரு போட்டோ, அதே போட்டோ எங்க ஆல்பத்துலயும் இருக்கு. இவர் பாத்த உடனே கண்டுபிடிச்சிடுவாரு. தாத்தான்னா இவருக்கு உசுரு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நிறுத்தியிருப்பியா?"

மாட்டேன். அது அவளுக்கும் தெரியும்.

"அதான் இந்தப் புக்கு எழுதினவர்கிட்ட குடுத்தேன். கூட்டாளிய விட்டுடுறேன்னு சத்தியம் பண்ணாரு. முதல்ல அவர் புக்கு வந்துட்டா நீயும் விட்டுடுவன்னு நினைச்சேன்."

"செத்தவர மறுபடியும் தூக்குல போட்டுட்டியேக்கா."

"செத்தவருக்கு என்ன தெரியப்போகுது? நான் உசுரோட இருக்கறவரப் பாக்கணும்."

"அவருக்கும் ஒரு பேரன் உசுரோட இருக்காரு."

எனக்குச் சோறு ஊட்டிய அக்காவின் கை, மடித்த சட்டையையே மறுபடியும் மடித்தது. அந்தக் கையைப் பார்க்கப் பிடிக்காமல் வேறு பக்கம் பார்த்தேன்.

கதவு திறந்தது. வேலை முடிந்து வந்த அத்தான், என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாம்மா! உன் புக்கு எப்ப வருது? பாவம், அந்தக் காவலாளி கதைய நீ சொன்னதுலேருந்து எனக்கு மனசே ஆறல. செஞ்சவன் எவனா இருந்தாலும் பேர போட்டு எழுதிடு, பயப்படாத. மொத காப்பி எனக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்."

அவர் முதுகுக்குப் பின்னால் அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த மாசம் வருது, அத்தான்" என்றேன்.