மஞ்சள் நரம்புக் கொடுவா

நல்லையா ஞாயிறு தவறாமல் பசுந்தாங் கழிக்கரையில் தூண்டில் போடுபவர். போகும் வழியில் அவித்த பட்டாணிப் பொட்டலம் ஒன்று வாங்குவார். முதல் மீன் அகப்படும்வரை அதைப் பிரிக்கமாட்டார். பல ஞாயிறுகளில் பொட்டலம் பிரிக்கப்படாமலே வீடு திரும்பியதுண்டு. அவருடைய மூங்கிற்கோல் நடுவில் பிளந்து, சைக்கிள் டியூப் வாரினால் இறுகச் சுற்றப்பட்டிருந்தது. ஆதலால் பெரிய மீன் கடித்தால் அவருக்கு மகிழ்ச்சியைவிட அச்சமே முந்திக்கொண்டு வரும்.

அன்று கடித்தது பெரிய மீன்தான். கோல் வில்லாய் வளைந்தது. கரையோரம் சாமான் கடை வைத்திருக்கும் ஜாபிர், மொஹிங்கா என்னும் பர்மிய மீன்சாற்று நூடுல்ஸ் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து வலையால் ஏந்தினார். மூன்று சாண் கொடுவா! அதன் முதுகுத் துடுப்பினடியில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் நரம்பொன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, யாரோ புண்ணியத்துக்கு விட்ட மீனு! கும்பிட்டு விட்டுடுங்க."

பிறந்தநாளில் சந்தை மீனை வாங்கி ஆற்றில் விடுவது அவ்வூர் வழக்கம். மஞ்சள் நரம்புள்ள மீனும் அப்படி விடப்பட்டதே என்று கரையிலுள்ளோர் யாவரும் நம்பினர். சென்ற மழைக்காலத்தில் நல்லையாவும் இரண்டைக் கைகூப்பித் திருப்பியனுப்பியவரே. ஆனால், சென்ற வாரம் போட்டாதாங் படகுத்துறையில் ஓர் அறிவிப்பைக் கண்டார். மீன்கள் எங்கே போகின்றன, எவ்வளவு வளர்கின்றன என்றறிய ஆராய்ச்சியாளர் இட்ட அடையாளமாம் அது. அந்த நரம்பைக் கொண்டுவந்து தருவோருக்குச் சுருள் பொருத்திய புதுத் தூண்டிற்கோல் பரிசாம்.

"இது ஆபீஸ் மீனு தம்பி. புதுத் தூண்டில் குடுப்பாங்க."

"அப்போ போன மழையில ரெண்டு தூண்டிலத் தண்ணியில விட்டீங்களா?" ஜாபிர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

மீனை நீர்த்தொட்டியில் விட்டு, நல்லையா அறிவிப்பில் கண்ட எண்ணுக்குத் தொலைபேசினார். பேசிய மஞ்சுளா என்னும் பெண்ணும் தமிழே; ஆயினும் பர்மிய வழக்கப்படி பெயருக்குமுன் 'ஊ' என்று மரியாதை சேர்த்தே அழைத்தாள்.

"ஊ நல்லையா, நெசமாவா? நானூறு மீனுக்குப் போட்டோம். ஒரு வருஷமா ஒருத்தரும் கூப்பிடலைங்க. எல்லாம் கடலுக்கே போயிடுச்சுன்னு எங்க பெரியவரு கவலையா இருக்காரு."

"எங்கயும் போகலைம்மா. நாங்கதான் கும்பிட்டுக் கும்பிட்டு அனுப்பிவிட்டோம்."

நரம்பில் பொறித்திருந்த எண்ணை அவர் படித்துச் சொன்னதும் அவள் கூவிவிட்டாள். விட்டபோது அம்மீன் இரண்டு சாண்கூட இல்லையாம். "அந்த நரம்ப நறுக்கிக்கிட்டு மீன விட்டுடுங்க. அதுக்கு வலிக்காது. நரம்பக் கொண்டாந்தா தூண்டில் உங்களுக்குத்தான்."

ஜாபிர் கடையிலிருந்து கத்தரிக்கோல் கொண்டுவந்தார். நல்லையா மீனைத் தொட்டியினுள் அணைத்துப் பிடித்து நரம்பில் கத்தரியை வைத்தார். வைத்தவர் நிமிர்ந்து, கரை நெடுக நீண்டிருந்த தூண்டில்களை நோக்கினார்.

"தம்பி, இது இல்லாம நாளைக்கு உன் கையில மாட்டுனா?"

"கொழம்புதான், அண்ணே! மஞ்சளப் பாத்தாத்தானே கும்பிடுவோம்."

நல்லையா கத்தரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தொலைபேசியை மீண்டும் காதில் வைத்தார்.

"அம்மா, நம்பரையும் நீளத்தையும் மட்டும் எழுதிக்குங்க. நான் நறுக்கலை."

"தூண்டில் கெடைக்காதுங்களே!"

"தெரியும்மா. இனிமே எந்த மஞ்சள் மீனு வந்தாலும் அளந்து உங்களுக்குச் சொல்லிட்டு, அப்படியே விட்டுடுறேன்."