இரண்டு மாதம் ஸ்டியரிங் இல்லாமல்

மஞ்சள் விளக்கிலேயே அவள் நின்றிருக்கலாம். டேங்கர் லாரியில் வந்திருந்தால் கட்டாயம் நின்றிருப்பாள். முதுகுக்குப் பின்னால் அத்தனை டீசல் தளும்பிக்கொண்டிருக்கும்போது யாருக்குத்தான் அவசரம் வரும்? ஆனால் அன்று மாலை அவள் ஓட்டி வந்தது வீட்டுக் கார். பின் சீட்டில் கணவனின் தையல் கடைக்கு வாங்கிய துணி மூட்டை. வயிற்றில் நல்ல பசி. ‘போயிடலாம்’ என்று மிதித்தாள். பாதிச் சந்திப்பில் விளக்கு சிவப்பானது. இடப்பக்கம் திரும்பி முடிப்பதற்குள் கம்பத்தின் உச்சியில் கேமரா ஒருமுறை பளிச்சிட்டது.

பதினோரு வருடமாக எரிபொருள் டேங்கர் ஓட்டுகிறவள் அவள். டிப்போவில் எல்லோருக்கும் அக்கா. வயதில் மூத்த டிரைவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

நோட்டீஸ் வந்ததும் எதிர் வீட்டு வக்கீலிடம் போனார்கள். கழுத்தில் அளவு நாடா தொங்க, கணவனும் கூடவே வந்தான்.

“அபராதத்தக் கட்டிட்டா முடிஞ்சுதா சார்?” என்று கேட்டாள்.

“கட்டினா குற்றத்த ஒத்துக்கிட்டதா ஆகும்மா. தண்டனை உங்க பேர்ல பதிவாயிடும். மத்தவங்கன்னா ஒரு நாள் சாலை விதி வகுப்புல போய் உக்காந்துட்டு வந்தா பதிவு இல்லாம போயிடும். கனரக லைசென்ஸ் வச்சிருக்கவங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.”

“நான் ஓட்டினது கார்தானே? லாரி இல்லையே?”

“வண்டி எதுவா இருந்தா என்ன? ஓட்டின ஆளு ஒண்ணுதானே? ஏற்கெனவே எத்தனை இருக்கு?”

அவள் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். போன வருடம் ஒரு சரிவில் டேங்கரை வேகமாக இறக்கியதற்கு ஒன்று. பிறகு காரில் போனைக் காதில் வைத்திருந்ததற்கு ஒன்று.

“அப்ப இது மூணாவது. ரெண்டு மாசம் லைசென்ஸ் முடங்கும்” என்றார் வக்கீல். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “கார் உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. போட்டோல வண்டியோட பின்பக்கம் மட்டும்தான் தெரியுது. யார் ஓட்டினாங்கன்னு நீங்கதான் சொல்லணும்.”

சொல்லிவிட்டு நோட்டீஸை மடித்து நீட்டினார். கணவனின் முகத்தில் அதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது.

தெருவைத் தாண்டும் முன்பே ஆரம்பித்தான். “நான் ஓட்டினேன்னு சொல்லிடறேன். ஒரு நாள் வகுப்பு. நானும் ஸ்கூலுக்குப் போயி ரொம்ப நாளாச்சு.”

“வேணாம்.”

“எனக்கு என்ன நட்டம்? என் மெஷினுக்கு லைசென்ஸா கேக்கறாங்க?”

“என் லைசென்ஸ நீங்க தைச்சுக் குடுக்க வேணாங்க. மிதிச்சது நான். பொய் சொல்லிக் காப்பாத்தின லைசென்ஸ வச்சுக்கிட்டு அந்த டேங்கர்ல ஏறி உக்கார எனக்கு மனசு வராது. பொய்யி வெளிய வந்துச்சுன்னா ரெண்டு மாசத்தோடயும் போகாது.”

“சரி” என்றான்.

இருபது வருடக் குடித்தனத்தில் அவனுடைய ‘சரி’யில் எத்தனை வகை என்று அவளுக்கு அத்துப்படி. இது எந்த வகை என்று அன்று கவனிக்கத் தவறிவிட்டாள்.

நீதிமன்றம் ஒரு சிறிய கூடம். மின்விசிறிச் சத்தத்தை மீறித்தான் பேச வேண்டியிருந்தது. காரின் எண்ணைச் சொல்லி உரிமையாளரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருப்பதற்குள் கணவன் விடுவிடுவென்று முன்னால் போய் நின்றுவிட்டான். இஸ்திரி போட்ட சட்டை. கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்திருந்தான்.

“வண்டிய ஓட்டினது யார்?” என்று கேட்டார் நீதிபதி. கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் அம்மா அவர்.

“நான்தாங்க.”

நீதிபதி போட்டோவைக் கையில் எடுத்துப் பார்த்தார். “சிவப்புல எந்தப் பக்கம் போனீங்க?”

அவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“நேராப் போனேங்க.”

“அந்த இடத்துல நேரா ரோடே இல்லையே. பூங்கா சுவர்தானே இருக்கு?”

கூடத்தில் சிரிப்புச் சத்தம் எழுந்தது. அவள் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

“நான்தாம்மா ஓட்டினேன். இடது பக்கம் திரும்பினேன். மஞ்சள்லயே நின்னிருக்கணும், நிக்கல. இவரு அந்த வண்டிலயே இல்ல.”

“நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

“டேங்கர் லாரி டிரைவர்.”

நீதிபதியின் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது. “இது பதிவானா என்ன ஆகும்னு தெரியுமா?”

“தெரியும்மா. ரெண்டு மாசம்.”

“தெரிஞ்சும் சொல்றீங்க.” அவர் கணவன் பக்கம் திரும்பினார். “நீங்க சத்தியம் பண்றதுக்கு முன்னாடி உங்க சம்சாரம் எந்திரிச்சாங்க. இல்லன்னா இன்னைக்கு உங்க மேலயும் ஒரு வழக்கு இருந்திருக்கும். போய் உக்காருங்க.”

வீடு திரும்பும்போது பேருந்தில் அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். “நேராப் போனாராம், நேரா” என்று அவள் முணுமுணுத்தாள். அவனுக்குத் தோள் குலுங்கியது. அப்புறம் இருவரும் அடக்க முடியாமல் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபோது அவளுக்குக் கண்ணில் நீர் நின்றது. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் காலை, வேறு யாரும் சொல்வதற்கு முன் டிப்போ மேலாளரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இப்பப் பாத்தா? இருக்கறதே நாலு டிரைவரு!”

“ரெண்டு மாசம் ஓட்ட முடியாது சார். டேங்கர் கழுவறேன். குழாய், வால்வு எல்லாம் சரிபாக்கறேன். என்ன வேலை குடுத்தாலும் செய்யறேன். என் இடத்துக்கு மட்டும் வேற ஆளு எடுத்துடாதீங்க.”

மேலாளர் உறுதி ஒன்றும் கொடுக்கவில்லை. ரப்பர் பூட்ஸ் இருக்கும் அலமாரியைக் கைகாட்டினார்.

அவளுடைய டேங்கர், டிப்போவின் இன்னொரு டிரைவரான ‘ஹாரன்’ கைக்குப் போனது. பேசினால் தெருக்கோடி வரை கேட்கும் என்பதால் அந்தப் பட்டப்பெயர். தினமும் வண்டியை வெளியே எடுக்கும்போது, “அக்கா, வரட்டுமா?” என்று கத்துவான். அவள் தண்ணீர்க் குழாயை அவன் பக்கமாக ஒருமுறை திருப்புவாள். அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓடுவான். வண்டி கேட்டைத் தாண்டி மறையும் வரை அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு குனிந்து அடுத்த சக்கரத்தைத் தேய்ப்பாள். கை வெடித்தது, இடுப்பு பிடித்தது. மருந்து எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு மறுநாளும் முதல் ஆளாக வந்தாள்.

இரண்டாவது மாதத்தில் ஒரு மதியம் ஹாரனுக்குக் காய்ச்சல் அடித்தது. மற்ற டிரைவர்கள் எல்லோரும் தூரத்தில் இருந்தார்கள். ஏற்றிய டேங்கர் ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. மேலாளர் சாவியோடு வந்தார்.

“பஸ் நிலையப் பங்க்ல டீசல் தீரப் போவுது. இதோ, பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். ஒரே நடை. யாரு பாக்கப் போறா?”

சாவி அவள் கண்ணுக்கு எதிரில் ஆடியது. உள்ளங்கை தன்னால் விரிந்ததை அவளே உணர்ந்தாள். ஈரக் கையை மேல்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

“முடியாது சார்.”

“நான் சொல்றேன்ல?”

“நீங்க சொல்லுவீங்க. மாட்டினா முடங்கின லைசென்ஸ்ல ஓட்டினதுன்னு எழுதுவாங்க. அதுக்கு மாசக் கணக்கு இல்ல, வருஷக் கணக்கு. அன்னைக்கு உங்க பேர எங்கயும் எழுத மாட்டாங்க. என் பேரத்தான் எழுதுவாங்க.”

“அப்ப உன் இடத்துக்கு நான் வேற ஆளு பாக்க வேண்டியதுதான்.”

“பாருங்க சார். ஆனா வர்ற ஆளும் லைசென்ஸ் இருந்தாத்தான் ஓட்ட முடியும்.”

மேலாளர் முறைத்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. “நம்ம பக்கத்து டிப்போல சாயங்கால ஷிப்டு ஆளு சும்மாதான் இருப்பாரு. கேட்டுப் பாருங்க சார்” என்றாள். அவர் அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் போன் பேசும் சத்தம் கேட்டது. பங்க்குக்கு டீசல் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. மேலாளர் அந்த வாரம் முழுக்க அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேறு ஆளும் பார்க்கவில்லை.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்று போக்குவரத்து அலுவலகக் கவுண்டரில் இருந்த பெண், “இனி ஜாக்கிரதையா இருங்க, இன்னும் பழசு எல்லாம் கணக்குல இருக்கு” என்றாள்.

“கார்லயும்தானே? தெரியும்” என்றாள் அவள்.

மறுநாள் விடிந்ததும் டேங்கரைச் சுற்றி வந்து டயர், விளக்கு, வால்வு எல்லாம் பார்த்துவிட்டு ஏறினாள். ஹாரனின் நீண்ட காலுக்கு ஏற்ப சீட் எங்கோ பின்னால் கிடந்தது. தன் இடத்துக்கு இழுத்துக்கொண்டாள். கண்ணாடிகளைத் திருப்பினாள். மேலாளர் தானே வந்து கேட்டைத் திறந்துவிட்டார்.

முதல் சந்திப்பில் மஞ்சள் விழுந்தது. நின்றாள். பின்னால் ஒரு வண்டி விடாமல் ஹாரன் அடித்தது.

“அடிப்பா, அடி” என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள் அவள். பச்சை விழும் வரை காத்திருந்து, நிதானமாக முதல் கியரைப் போட்டாள்.