யாரும் எழுதாத வரி

டெங்கு வைரஸில் நான்கு வகை. ஆய்வுக்கூடத்தில் அவற்றுக்கு மாமியார், நாத்தனார், ஓரகத்தி, கொழுந்தன் என்று பெயர் வைத்தவள் அங்கே ஆராய்ச்சி செய்கிற அவள்தான். சொந்த மாமியார் தங்கமானவர் என்பது வேறு விஷயம். போன வருஷம் மகளைப் படுக்கையில் தள்ளியது நாத்தனார். பிள்ளை பிழைத்துவிட்டாள். ஆனால் மற்ற மூன்றில் ஒன்று இரண்டாவதாகத் தொற்றினால் உயிருக்கே உலை வைத்துவிடலாம்.

அதனால் பரப்புகிற கொசுவுக்குள்ளேயே நான்கையும் ஒரே வெட்டில் சாய்க்கிற ஆர்.என்.ஏ. துண்டு ஒன்றைத் தேடினாள். வைரஸின் மரபு வரியில் ஓர் இடத்தோடு அந்தத் துண்டின் இருபத்தோரு எழுத்தும் பொருந்தினால், கொசுவின் செல்லே அந்த வரியை நறுக்கிப் போட்டுவிடும். நாலைந்து எழுத்து பிசகினால் கண்டுகொள்ளாது. இரண்டு துண்டு செய்து பார்த்தாயிற்று. நான்கும் ஜம்மென்று பெருகின. மூன்றாவதும் தோற்றால் கொசுக் கூண்டுகளை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவேன் என்று இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் காகிதத்தைப் பரப்பினாள். நான்கு வைரஸுக்கும் நான்கு வரி, அடியில் சிவப்பில் ஐந்தாவது. கணவன் அச்சகத்தில் பிழை திருத்துபவன். எழுத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது.

“அஞ்சாவது யாரு?”

“யாருமில்ல. ஒவ்வொரு இடத்துலயும் அதிகமா வர்ற எழுத்தைப் பொறுக்கிக் கோத்தது. அதுக்குப் பொருந்துற மாதிரிதான் துண்டு செய்யறேன்.”

அவன் பென்சிலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனான். “நாலு பேரும் நாலு விதமா எழுதியிருக்காங்க. சிவப்புல இருக்கற மாதிரி ஒருத்தரும் எழுதலையே. இல்லாத ஆளோடவா இத்தனை நாள் சண்டை போட்டே?”

அவளுக்குச் சுருக்கென்றது. எத்தனை படித்து என்ன, இது கண்ணில் படவில்லையே. எரிச்சலில் காகிதத்தைப் பிடுங்கினாள். பிறகு சிரித்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் நான்கும் அச்சு அசலாக ஒரே மாதிரி எழுதியிருக்கிற ஓர் இடத்தைக் கண்டுபிடித்தாள். அங்கே எழுத்தை மாற்றினால் வைரஸுக்கே பிழைப்பு இல்லை.

மூன்று வாரம் கழித்து, அந்த இடத்துக்கென்று செய்த மூன்றாவது துண்டால், கொசுச் செல் வளர்த்த தட்டுகளில் நான்கும் அடங்கிக் கிடந்தன. இயக்குநர் கூண்டுப் பேச்சையே எடுக்கவில்லை.

“அப்ப இனிமே எனக்குக் கொசுவலை வேணாமா?” என்று அன்று ராத்திரி மகள் கேட்டாள்.

“தட்டுல அடங்கிடுச்சுடி. தெருவுல இன்னும் இல்ல. கொசுவுக்குள்ள ஏத்தணும், சோதிக்கணும். வருஷக்கணக்காகும்.”

வலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகினாள். கணவன் டார்ச் அடித்து வலையை வரிவரியாகப் பார்த்துக்கொண்டு வந்தான். கால்மாட்டில் ஒரு பொத்தல் இருந்தது. விரலை அதில் வைத்துக்கொண்டே ஊசி நூல் கேட்டான்.