துணி போட்டு மூடியவை

ஏலக்காரர் மேஜையில் சுத்தியலைத் தட்டியதும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. விற்றுப்போனது அவளுடைய படுக்கையறை விளக்கு. கல்யாணமான புதிதில் வந்தது. கழுத்தைத் திருகினால் வெளிச்சம் சரியாகப் புத்தகத்தில் விழும், கொஞ்சம் அதிகமாகத் திருகினால் அணைந்துபோகும். அதற்குப் போய் படித்தவர்களும் பணக்காரர்களும் இப்படி அடித்துக்கொள்வார்கள் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், மாத்திரை மாற்றிச் சாப்பிட்டுவிட்டாயா என்று கேட்டிருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள், "பாத்தியாம்மா, அப்பா கண்ணே கண்ணு!" என்று முழங்கையால் இடித்தாள். அதற்கு முன்பு அவளுடைய ஆடும் நாற்காலி போயிருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியும் போயிருந்தது. ஒவ்வொன்று போகும்போதும் அவளுக்கு உள்ளுக்குள் திக்கென்றது, உடனே ஒரு குரூரமான சந்தோஷமும் வந்தது. போகட்டும், எல்லாம் தொலையட்டும்.

அவளுடைய வீட்டை உறவுக்காரர்கள் மியூசியம் என்றும், அவள் கணவரை மியூசியம் மாப்பிள்ளை என்றும்தான் சொல்வார்கள். தப்பே இல்லை. வரவேற்பறையில் ஒரு விமானத்தின் விசிறி, அதன் கீழே கண்ணாடி மீன்கள், மாடிப்படித் திருப்பத்தில் எங்கோ தெருவிலிருந்து கழற்றி வந்த சிக்னல் விளக்கு, வெறும் நீலம் மட்டும் பூசிய ஆளுயரப் படம், மூன்று கால்கள் மட்டும் உள்ள நாற்காலி, பல் டாக்டரின் இழுப்பறை நிறைய தகர பொம்மைகள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. கேட்டால், "என் கண்ணு பிடிச்சு இழுத்துச்சு, வாங்கிட்டேன்" என்பார். அந்த வீட்டில் விருந்தாளிகள் எங்கே உட்காரலாம் என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். அவளுடைய அண்ணன் ஒருமுறை ஷூவைக் கழற்ற வசதியாகக் காலைத் தூக்கி வைத்த சாமான் சிற்பம் என்று தெரிந்ததும், அதோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவள் மருந்துக்கடையைப் பார்த்துக்கொண்டாள், மகளை வளர்த்தாள், இத்தனை பொருட்களுக்கும் தூசி தட்டினாள். ஒரு பீங்கான் கிண்ணத்தைப் பற்றி அவர் மணிக்கணக்கில் பேசுவார். அவளைப் பற்றி அவளிடம் எதுவும் பேசியதாக நினைவில்லை.

அவருக்கு மூட்டு தேய்ந்துவிட்டது, இனி மாடிப்படி ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு, சின்ன வீட்டுக்குப் போவதென்றும் சேர்த்ததையெல்லாம் ஏலத்தில் விடுவதென்றும் அவரே முடிவுசெய்து, ஏல நிறுவனத்தோடும் பேசிவிட்டார். நடுவில் அவருக்கு ஒரு சின்ன ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள், அவருக்குப் படங்களுக்கெல்லாம் ஃபிரேம் போட்டுத் தரும் நண்பர் வந்திருந்தார். வீட்டில் எல்லாருக்கும் அவர் ஃபிரேம்காரர்தான். அவள் கடையிலிருந்து திரும்பியபோது ஃபிரேம்காரர் கிளம்பிப் போயிருந்தார், கணவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். பின்னறையில் சில சாமான்கள் பழைய படுக்கை விரிப்புகளால் மூடிக் கிடந்தன. அந்த வீட்டில் துணி போட்டு மூடினால் ஒரே அர்த்தம்தான்: பொருள் வெளியே போகப்போகிறது, வண்டி வரும்வரை தூசி படக்கூடாது. அவள் விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். மகளுக்குப் பால் கொடுத்த அந்த ஆடும் நாற்காலி. அவள் தலை வாரும் கண்ணாடி. அவள் விளக்கு. ஒரு ஓரத்தில் சமையலறை ஸ்டூல்.

ஸ்டூலைப் பார்த்ததும்தான் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அது அவர் சேர்த்தது அல்ல. சாமான் கடையில் அவளே பேரம் பேசி வாங்கிய சாதாரண மர ஸ்டூல். வாங்கின கொஞ்ச நாளிலேயே ஒரு கால் விரிசல் விட, காய் நறுக்குவதைப் பாதியில் விட்டுவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டரை அதற்குச் சுற்றினாள். இவ்வளவு பெரிய வீட்டில், யாரையும் கேட்காமல் அவள் உட்கார்ந்த ஒரே இடம் அதுதான். அதையும் விற்கத் துணிந்துவிட்டாரா மனுஷன்? எழுப்பிக் கேட்டிருக்கலாம். நான் ஏன் கேட்க வேண்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் திரும்பி வரவில்லை.

எல்லாரும் அழுதார்கள், அவளுக்கு மட்டும் அழுகை வரவில்லை. "உங்கப்பாவுக்கு நான் ஒரு அலமாரிடி. சாமான் போனதும் அலமாரி எதுக்கு?" என்று மகளிடம் சொன்னாள். ஏல நிறுவனத்து ஆட்கள் வந்தபோது பின்னறைக்கு அவளே கூட்டிக்கொண்டுபோய், விரிப்புகளைச் சரசரவென்று உருவிப் போட்டு, "மொதல்ல இத எடுங்க" என்றாள். அவர்கள் ஸ்டூலைக் குனிந்து, சுற்றி வந்து பார்த்தார்கள். அவர் கண் பட்டது என்றால் சும்மா இருக்காது என்று பயபக்தியோடு தூக்கிப்போனார்கள்.

ஃபிரேம்காரர் ஏல அரங்குக்குள் வந்தது விளக்கு விற்றுப்போன பிறகுதான். தன் மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போய் மாதக்கணக்கில் அங்கேயே தங்கியிருந்தவர், சாவுக்குக்கூட வர முடியாமல் போனில்தான் அழுதார். இப்போது வியர்க்க விறுவிறுக்க வந்து அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வாசலில் யாரோ விளக்கை வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறார்.

"அண்ணி, அந்த வெளக்கு எப்படி இங்க வந்துச்சு?"

"நாந்தான் குடுத்தேன். விக்கறதுக்குன்னு மூடி வெச்சுட்டுத்தானே போனாரு."

ஃபிரேம்காரர் பேயறைந்தவர் போல அவளைப் பார்த்தார். "விக்கறதுக்கா? ஐயோ அண்ணி, ஏலக்காரங்க கண்ணுல படக் கூடாதுன்னுதானே ரெண்டு பேருமா மூடினோம். பாத்தா கேப்பாங்க, கேட்டா நான் குடுத்துடுவேன், என் புத்தி எனக்கே தெரியும்னாரு. மத்ததெல்லாம் போகட்டும், இதெல்லாம் அவளோடது, இதுவும் போச்சுன்னா புது வீட்டுல அவ எங்க உக்காருவான்னு கேட்டாரு."

அவள் காதில் விழுந்தது மனதுக்குள் இறங்க நேரம் பிடித்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து நானே சொல்லிக்கிறேன்னாரு. சொன்னா நீங்க சிரிப்பீங்கன்னு அவருக்குக் கூச்சம் அண்ணி."

சிரித்திருப்பாள்தான். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. இத்தனை மாதம் கட்டிக் காத்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது? நாற்காலியை வாங்கியவர் யார் என்றுகூட அவள் கவனிக்கவில்லை. கண்ணாடி விற்றபோது கூட்டத்தோடு சேர்ந்து கை தட்டியிருந்தாள்.

மேடையில் ஸ்டூல் வந்து நின்றது. வெல்வெட் விரித்த மேடை, மேலிருந்து தனி வெளிச்சம். ஏலக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பெயர் தெரியாத கைவினைஞரின் படைப்பு. காயம்பட்ட காலுக்குப் போட்ட இந்தக் கட்டைக் கவனியுங்கள். உடைந்ததை மறைக்காமல் அப்படியே ஏற்றுக்கொள்ளும் துணிச்சல் இது." முன்வரிசையில் ஒரு தம்பதி தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்கள். கைகள் உயரத் தொடங்கின.

"நிறுத்தச் சொல்லுடி," என்றாள்.

மகளுக்கு முகம் வெளிறிவிட்டது. ஃபிரேம்காரர் சொன்னதை அவளும்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "மேடைக்கு வந்துட்டா நிறுத்த முடியாதும்மா. நம்ம பொருள நாமளே ஏலம் கேக்கவும் கூடாது. கையெழுத்து போட்டிருக்கோம்."

ஃபிரேம்காரர் யோசிக்காமல் கையைத் தூக்கினார். தம்பதி தூக்கினார்கள். அவர் மறுபடி தூக்கினார். பின்னால் போனில் பேசிக்கொண்டிருந்தவர் யாருக்காகவோ தூக்கினார். பாவம், ஃபிரேம் போடுகிறவரின் கை எவ்வளவு தூரம்தான் உயரும்? தயங்கித் தயங்கி இன்னொரு முறை உயர்ந்தது. பிறகு அது மடிக்கே வந்துவிட்டது. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் எழுந்தாள். "அம்மா, எங்க போற?" என்று மகள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்ததும் உறைக்கவில்லை. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே, கடையில் அவசரமாக மருந்து எடுக்கப் போகிறவள் போல விறுவிறுவென்று நடந்தாள். கழிப்பறைக்குப் போகிறாள் என்று நினைத்து ஒருவர் காலை மடக்கி வழிவிட்டார். மேடையின் படிகளில் அவள் ஏறியபோது ஏலக்காரர், "அம்மா, அங்கே போகக் கூடாது," என்றார். அவள் வெளிச்சத்துக்குள் போனாள், புடவையை ஒதுக்கிக்கொண்டாள், உட்கார்ந்தாள்.

ஸ்டூல் வழக்கம்போல் கட்டுப்போட்ட கால் பக்கம் லேசாகச் சாய்ந்தது. அவள் உடம்பு தானாக மறுபக்கம் சாய்ந்துகொண்டது. அங்கே உட்கார்ந்தபடிதான், அத்தனை பேருக்கும் முன்னால், அவளுக்கு அழுகை வந்தது. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள், யாரோ போட்டோ எடுத்தார்கள். சுத்தியலை ஓங்கிய கையோடு ஏலக்காரர் அசையாமல் நின்றார். பக்கவாட்டிலிருந்து வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு பெண்கள், பொருளைத் தூக்கிப் போவதற்காக, அவசரமாக வந்தார்கள். அவளுக்கு இரண்டு பக்கமும் நின்று கைகளை நீட்டினார்கள். எந்த இடத்தில் தொடுவது என்று தெரியாமல் அந்த நான்கு வெள்ளைக் கைகளும் அவளைச் சுற்றி அப்படியே நின்றன.