கத்தினால் குறைப்பேன்

சாலவாக்கத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த வேதகிரிக்குச் சத்தமே ஆகாது. பட்டாசு, கண்டக்டர் விசில், பக்கத்தில் யாராவது அப்பளம் நொறுக்குவது எல்லாமே காதுக்குள் ஆணி அறைந்த மாதிரி இறங்கும். ஆனால் ஒயர் இணைப்பதும் ஒலிபெருக்கிக் கூம்புகளைப் பளபளவென்று துடைப்பதும் அவனுக்கு உயிர். துடைக்க உட்கார்ந்துவிட்டால் எதிரில் தாசில்தாரே வந்து நின்றாலும் முகம் நிமிராது.

பெண் பார்க்கப் போன இடத்தில் அவன் கேட்டது ஒரே கேள்வி.

"நீ சத்தமா பேசுவியா?"

"தேவப்பட்டா பேசுவேன்" என்றாள் அம்முலு.

அவன் வெகுநேரம் யோசித்து, "தேவப்படாது" என்றான். கல்யாணம் ஆயிற்று. வருகிறவர்களிடம் பேசுவது அவள், கம்பம் நட்டு ஒயர் கட்டுவது அவன் என்று தொழில் பிரிந்தது. தொழில்தான் ஓடவில்லை.

முத்துவேல் தன் மகன் காதுகுத்துக்கு அவனைக் கூப்பிட்டார். வேதகிரி தன் காது தாங்குகிற அளவுக்குப் பாட்டு வைத்தான்.

"இன்னாப்பா, கொசு பாடற மாதிரி கீது?"

வேதகிரி கூர்ந்து கேட்டான். "இல்லீங்க. கொசு இத்தவிட ஜாஸ்தி."

முத்துவேல் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் சத்தத் திருகைக் கூட்டினார். அவன் குறைத்தான். அவர் கூட்ட, இவன் குறைக்க, காது குத்தி, பந்தி முடிந்து, இலை எடுத்த பிறகும் இருவரும் திருகை விட்டு நகரவில்லை.

அன்று பக்கத்து வீட்டுச் சொக்கம்மாளின் எருமை ஒழுங்காகப் பால் கொடுத்தது. தெருவில் விசேஷம் என்றாலே பாலை அடக்கிக்கொள்ளும் எருமை அது. அடுத்த மாதம் எதிர்வீட்டில் மஞ்சள் நீராட்டு என்றதும் சொக்கம்மாள் நேரே அம்முலுவிடம் வந்தாள்.

"எதிர்வூட்டுக்கு நான் வெக்கற சீரு உம் புருசன்தான். வெத்தல பாக்கு தட்டோட கூட்டிக்கினு போறேன்."

சீரை வேண்டாம் என்று யார் சொல்வது? எதிர்வீட்டார் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டார்கள். சொக்கம்மாள் மகள் வளைகாப்புக்கு அவர்களும் வேதகிரியையே பதில் சீராக அனுப்பினார்கள். அப்புறம் ஊரில் ஒருவரும் தன் வீட்டு விசேஷத்துக்கு அவனைக் கூப்பிடவில்லை. அடுத்த வீட்டு விசேஷத்துக்கு அனுப்பாமலும் விடவில்லை. தை, வைகாசியில் அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை.

பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. தலைவர் பதவிக்கு முத்துவேலும் ராஜாராமும் நின்றார்கள். ஒரே மாலையில், ஏரிக்கரையில், எதிரெதிர் மேடையில் இருவருக்கும் கூட்டம். முத்துவேல் கூட்டத்துக்கு வேதகிரியைச் சீர் அனுப்பினார் ராஜாராம். ராஜாராம் கூட்டத்துக்கு அனுப்பினார் முத்துவேல். அம்முலு இருவருக்கும் சரி என்றுவிட்டாள்.

"ஒரு பெட்டிதானே கீது?" என்றான் வேதகிரி.

"மைக்கு ரெண்டு கீதில்ல?"

அது நியாயமாகப் பட்டது. நடுவில் ஒரே கம்பம் நட்டு, மேடைக்கு ஒன்றாக இரண்டு மைக்கையும் ஒரே பெட்டியில் சொருகினான். கம்பத்தடிக்கு வந்தால்தான் காதில் விழும் என்பதால் இரண்டு கட்சிக்காரர்களும் தோளோடு தோள் இடித்து அங்கேயே உட்கார்ந்தார்கள்.

முத்துவேல் முழங்கினார். வேதகிரி குறைத்தான். ராஜாராம் கர்ஜித்தார். இன்னும் குறைத்தான்.

"கத்தினா கொறைப்பேன், பேசினா வெப்பேன்" என்றான், பெட்டியைப் பார்த்தபடி.

வேறு வழியில்லாமல் இருவரும் குரலை இறக்கினார்கள். இறக்கியதும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்டது.

"மதகு ஒடைஞ்சி கெடக்குது, அத்த ராஜாராம் கட்டுவாரா?" என்றார் முத்துவேல்.

"நான் கட்டறேன் மாமா. நீ ரோடு போடுவியா?" என்றது எதிர்மேடை.

"ரோடு இன்னா பெரிய ரோடு. போடறேன்."

"அப்பொ செரி."

"செரி."

இதற்குமேல் பேச இருவருக்கும் ஒன்றும் இல்லை. கூட்டம் எழுந்து வீட்டுக்குப் போயிற்று. ராஜாராம் ஜெயித்தார். ஊரே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்ததால் மதகை அவர் கட்டும்படி ஆயிற்று. தோற்றுப்போன முத்துவேலையும் விடாமல் ரோடு போட வைத்தார்கள். தென்னேரியிலிருந்தும் கூரத்திலிருந்தும் விசேஷ வீடுகளின் பக்கத்து வீட்டுக்காரர்கள் பஸ் பிடித்து வந்து அம்முலுவிடம் தேதி கேட்டார்கள்.

ராஜாராமின் வெற்றி விருந்தில் பாட்டு கேட்கவேண்டுமென்று ஜனங்கள் மூச்சடக்கிச் சாப்பிட்டார்கள். வேதகிரி கண்ணை மூடி, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். திடீரென்று கையை நீட்டித் திருகை ஒரு மயிரிழை கூட்டினான்.

அம்முலு பதறிப்போய் ஓடிவந்தாள். "இன்னாய்யா ஆச்சி?"

"நல்லா கீது பாட்டு" என்றான்.